வேலியோரப் பூவும் பெயரில்லாக் கைகளும்

மே மாத இறுதியில் தொடங்கி ஜூன் முழுவதும் இங்கிலாந்தின் நாட்டுப்புறச் சாலைகளின் இருமருங்கிலும் ஒரு வெண்மை பரவி நிற்கும். வயல்களைப் பிரிக்கும் உயிர்வேலிகளிலும், பாழடைந்த பண்ணை வீடுகளின் பின்புறத்திலும், இரயில் பாதையின் கரைகளிலும், கல்லறைத் தோட்டங்களின் மதிலோரத்திலும் யாரும் நடாமலே முளைத்து வளரும் 'எல்டர்' என்னும் குறுமரம் அப்போது பூக்கிறது. உள்ளங்கை அகலத்திற்குத் தட்டுப்போல் விரிந்த பூங்கொத்து. கொத்து நிறையச் சின்னஞ்சிறு பூக்கள். ஒவ்வொரு பூவுக்கும் பாலேட்டின் நிறத்தில் ஐந்து இதழ்கள். இந்தப் பூவைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து வடித்தெடுக்கும் மணமிக்க பானத்திற்கு 'எல்டர்பூ கார்டியல்' என்று பெயர். நன்னாரி சர்பத்தைப் போலவே, சிறிதளவு ஊற்றிக் குளிர்ந்த நீர் கலந்து பருகுவது அது.

ஒரு கோடைகாலப் பானத்திற்கு வரலாறு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். போர்களையும் முடியாட்சிகளையும் எழுதும் வரலாறு சமையற்கட்டின் வாயிற்படியோடு நின்றுவிடுவது வழக்கம். ஆயினும் ஒரு குவளையை உற்று நோக்கினால் அதற்குள்ளும் உலகம் தெரியும். யாருக்கும் சொந்தமில்லாத பூவும், யாரோ விலை கொடுத்துப் பெற்றுத் தந்த இனிப்பும் இந்தக் குவளையில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அந்தப் பூவை எண்ணி மகிழ்வோர் பலர். அந்த இனிப்பை எண்ணிப் பார்ப்போர் சிலரே. இரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏழையின் மருந்துப் பெட்டி

எல்டர் மரத்திற்கு உயர்குடிப் பெருமை ஏதும் இல்லை. ஓக் மரத்தைப் போல் கப்பல் கட்ட உதவாது; ஆப்பிளைப் போல் தோட்டத்தில் இடம் பெறாது. பறவைகள் பழத்தைத் தின்று விதையை எங்கே எச்சமிடுகின்றனவோ அங்கே அது முளைக்கும். தழைச்சத்து மிகுந்த மண்ணை விரும்புவதால், மாட்டுத் தொழுவமும் குப்பைமேடும் இருந்த இடங்களில் செழித்து வளரும். மனிதர் குடிபெயர்ந்து போன பின்னும், அங்கே ஒரு குடும்பம் வாழ்ந்தது என்பதற்குச் சாட்சியாக இம்மரம் நிற்பதுண்டு.

புறக்கணிக்கப்பட்ட இம்மரத்தை அறிஞர்கள் மறந்துவிடவில்லை. முதலாம் நூற்றாண்டில் உரோமைப் பேரரசில் வாழ்ந்த பிளினியும் தியோஸ்கோரிதும் இதன் மருத்துவப் பயன்களைக் குறித்து வைத்தனர். 1631இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மார்ட்டின் பிளாக்விட்ஸ் என்பவரின் இலத்தீன் நூல் ஒன்று வெளிவந்தது; அந்நூல் முழுவதும் இந்த ஒரு மரத்தைப் பற்றியதே. 1655இல் அது ஆங்கிலத்திலும் வந்தது. 1664இல் மரங்களைப் பற்றித் தம் புகழ்பெற்ற 'சில்வா' என்னும் நூலை வெளியிட்ட ஜான் ஈவ்லின், இம்மரத்தின் இலை, பட்டை, பழம் ஆகியவற்றின் குணங்களை மிக உயர்வாகப் போற்றினார். மருத்துவருக்குக் காசு கொடுக்க இயலாத குடியானவனுக்கு வேலியோர எல்டரே மருந்துப் பெட்டியாக இருந்தது. சளிக்கும் காய்ச்சலுக்கும் பூவைக் கொதிக்கவைத்துக் குடித்தார்கள். பூ ஊறிய நீரால் முகம் கழுவினார்கள்.

கைவினைக்கும் இம்மரம் உதவியது. இளந்தண்டின் நடுவே நெட்டி போன்ற மென்மையான பகுதி உண்டு. அதை எளிதில் நீக்கிவிடலாம் என்பதால் சிறுவர் இதில் ஊதுகுழல் செய்தனர். அந்த நெட்டியைக் கடிகாரம் பழுதுபார்ப்போர் தம் நுண்கருவிகளைத் துடைக்கப் பயன்படுத்தினர். பழத்திலிருந்தும் பட்டையிலிருந்தும் இலையிலிருந்தும் துணிகளுக்கு வெவ்வேறு சாயங்கள் கிடைத்தன.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. இம்மரத்தின் இலை, தண்டு, சமைக்காத பழம் ஆகியவற்றில் உள்ள ஒரு பொருள் வயிற்றுக்குள் சென்றால் சயனைடு நஞ்சை வெளியிடக்கூடியது. பூவும் சமைத்த பழமுமே உண்ணத்தக்கவை. நன்மையும் தீமையும் ஒரே கிளையில் இருப்பதால், எதை எடுப்பது, எதை விடுவது என்னும் தெளிவு வேண்டும். அந்தத் தெளிவைப் பல தலைமுறைப் பெண்கள் ஏட்டில் எழுதாமலே காத்து வந்தார்கள்.

யூதாசின் பெயரைச் சுமந்த மரம்

இவ்வளவு பயன் தந்த மரத்திற்கு மக்கள் சூட்டிய பெயரோ பழிப்பெயர். யூதாசு தூக்கிட்டுக்கொண்டது இம்மரத்தில்தான் என்று இடைக்கால ஐரோப்பாவில் ஒரு நம்பிக்கை பரவியிருந்தது. 14ஆம் நூற்றாண்டில் வில்லியம் லாங்லாண்டு இயற்றிய நெடுங்கவிதையிலும், அதே நூற்றாண்டில் மாண்டவில் என்பவரின் பெயரில் உலவிய பயண நூலிலும் இச்செய்தி இடம்பெறுகிறது. இரு நூற்றாண்டுகளுக்குப் பின் ஷேக்ஸ்பியரும் தம் நகைச்சுவை நாடகம் ஒன்றில் இதைக் குறிப்பிடுகிறார். எல்டர் மரத்தில் காது வடிவில் முளைக்கும் ஒரு காளானுக்கு இன்றளவும் அறிவியல் பெயரிலேயே 'யூதாசின் காது' என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மத்தேயு நற்செய்தி யூதாசு தூக்கிட்டுக்கொண்டதைச் சொல்கிறது. எந்த மரம் என்று சொல்லவில்லை. மத்தியதரைக் கடற்கரை நாடுகளில் இளஞ்சிவப்புப் பூப்பூக்கும் வேறொரு மரத்தை 'யூதாசு மரம்' என்று அழைக்கிறார்கள். விவிலியம் மௌனமாக இருக்கும் இடத்தில், குற்றத்தைச் சுமக்க ஒரு மரத்தைத் தேடிக் கண்டுபிடித்தது மனித மனம். வலிமையும் மதிப்பும் உள்ள ஓக் மரத்தின்மேல் அப்பழி விழவில்லை. யாருடைய பாதுகாப்பிலும் இல்லாத வேலியோர மரத்தின்மேல் விழுந்தது. சமுதாயத்திலும் பழி சுமத்தப்படுவோர் பெரும்பாலும் அத்தகையோரே அன்றோ?

மறுபுறத்தில் டென்மார்க்கிலும் அதன் அண்டை நாடுகளிலும் இம்மரத்திற்குள் ஒரு தாய் குடியிருப்பதாக மக்கள் நம்பினர். அவளிடம் அனுமதி கேளாமல் கிளையை வெட்டலாகாது என்பது மரபு. ஆன்டர்சன் 1844இல் அந்த எல்டர் தாயையே பாத்திரமாக்கிச் சிறுவர் கதை ஒன்று படைத்தார். ஒரே மரத்தில் ஓரிடத்தில் காட்டிக்கொடுத்தவனையும் மற்றோரிடத்தில் அன்னையையும் கண்டிருக்கிறார்கள். இரண்டும் மனிதர் மரத்தின்மேல் எழுதியவை. மரமோ ஆண்டுதோறும் தன் போக்கில் பூத்துக்கொண்டிருந்தது.

கல்லிலும் தாளிலும் மலர்ந்தவை

பெயர்களையும் கதைகளையும் விலக்கிவிட்டு, பூவைப் பூவாகவே நோக்கியவர்களும் இருந்தனர். அவர்கள் கைவினைஞர்கள்.

நாட்டிங்காம் மாவட்டத்தில் சவுத்வெல் என்னும் சிற்றூரில் பழமையான பேராலயம் ஒன்று உள்ளது. அதன் குருக்கள் கூடிப் பேசுவதற்கென 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் எண்கோண வடிவில் ஒரு கூடம் கட்டப்பட்டது. அதன் தூண் தலைப்புகளிலும் வாயில் வளைவுகளிலும் கல்லில் செதுக்கப்பட்ட இலைகள் இன்றும் காண்போரை வியக்க வைக்கின்றன. அதற்கு முந்தைய சிற்பிகள் ஏட்டு மரபில் வந்த, எந்தச் செடிக்கும் உரியதல்லாத அலங்கார இலைகளையே செதுக்கி வந்தனர். சவுத்வெல் சிற்பிகளோ தம் ஊர் வேலியோரத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். ஓக், மேப்பிள், ஹாதார்ன் என்னும் முட்செடி, ஐவிக் கொடி, ஹாப் கொடி, காட்டு ரோஜா எனச் செடிநூலார் ஒவ்வொன்றையும் இனம் கண்டு சொல்லும் அளவுக்கு அவை உண்மையாக உள்ளன. கலை வரலாற்றறிஞர் நிக்கோலஸ் பெவ்ஸ்னர் 1945இல் இவ்விலைகளைப் பற்றியே ஒரு தனி நூல் வெளியிட்டார். ஆனால் அவற்றைச் செதுக்கியவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. கல்லில் இலைகளின் முகம் நிலைத்திருக்கிறது. உளி பிடித்த கைகளின் பெயர் மறைந்துவிட்டது.

வயல்வெளி மலர்களைக் கவனியுங்கள் என்று மலைப்பொழிவில் ஆண்டவர் கூறியதை நாம் நன்கறிவோம். அங்கே மத்தேயு நற்செய்தியாளர் கையாளும் கிரேக்க வினைச்சொல் மேலோட்டமாகப் பார்ப்பதைக் குறிப்பதன்று. ஒரு மாணவன் பாடத்தைக் கற்பது போல் முழுமையாகக் கற்றுணர்வதைக் குறிப்பது. சவுத்வெல் சிற்பிகள் அச்சொல்லின் இலக்கணம் அறிந்திருக்கமாட்டார்கள். அதன் பொருளை அவர்கள் விரல்கள் அறிந்திருந்தன.

இவ்வாறு கற்றுணர்ந்த இன்னொருவர் மேரி டிலேனி. 1700இல் பிறந்த அவருக்கு, தம்மைவிட நாற்பதுக்கும் மேற்பட்ட வயது மூத்த ஒருவருடன் பதினேழாம் வயதில் விருப்பமில்லாத் திருமணம் நடந்தது. இளம் வயதிலேயே கைம்பெண்ணானார். பின்னர்த் தாமே விரும்பி மணந்த இரண்டாம் கணவரையும் 1768இல் இழந்தார். துயரில் இருந்த அவர் 1772இல், எழுபது வயதைக் கடந்த நிலையில், சிவப்புத் தாள் ஒன்றின் நிறம் ஜெரேனியம் பூவிதழின் நிறத்தோடு ஒத்திருப்பதைக் கண்டார். கத்தரிக்கோலை எடுத்து அத்தாளை இதழ் வடிவில் வெட்டினார். அன்று தொடங்கிய பணி கண்பார்வை மங்கும்வரை பத்தாண்டுகள் தொடர்ந்தது. கருநிறப் பின்னணியில் வண்ணத்தாள் துண்டுகளை ஒட்டி உருவாக்கிய 985 மலர்ப் படங்களை அவர் விட்டுச் சென்றார். ஒரே பூவுக்கு நூற்றுக்கணக்கான துண்டுகளை வெட்டி ஒட்டியதும் உண்டு. மகரந்தத் தாள்களைக்கூட அவர் விட்டுவிடவில்லை. இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இவற்றை இன்றும் காணலாம்.

19ஆம் நூற்றாண்டில் தொழிற்சாலைப் புகை நகரங்களை மூடியபோது, வில்லியம் மாரிஸ் மீண்டும் வேலியோரத்திற்கே திரும்பினார். வேலிச் சட்டத்தில் படர்ந்த ரோஜாவும், புல்வெளியின் டெய்சிப் பூவும், ஆற்றோர வில்லோக் கிளையும் அவருடைய சுவர்த்தாள்களிலும் துணிகளிலும் இடம்பெற்றன. 1881இல் அவர் தம் பட்டறையை வாண்டில் ஆற்றங்கரையில் உள்ள மெர்ட்டனுக்கு மாற்றினார். அது 1538இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் கலைக்கப்பட்ட அகுஸ்தீன் சபை மடம் இருந்த இடம். அழகு எல்லா வீட்டிற்கும் சேர வேண்டும் என்பது மாரிசின் கனவு. ஆனால் கையால் செய்த பொருளின் விலை ஏறியதால் அவற்றைச் செல்வரே வாங்க முடிந்தது. இந்த முரண்பாடு அவரை இறுதிவரை வருத்தியது. வேலியோரப் பூ இலவசம். அதைக் கலையாக்கும் உழைப்பு இலவசமன்று. இந்த உண்மை கார்டியல் தயாரிக்கும் அடுக்களைக்கும் பொருந்தும்.

இதயத்தின் பெயரால்

'கார்டியல்' என்னும் சொல் இதயத்தைக் குறிக்கும் 'கோர்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. இடைக்காலத்திலும் அதன் பின்னும் மருந்து செய்வோர் தயாரித்து விற்ற, இதயத்திற்கு வலுவூட்டுவதாகக் கருதப்பட்ட பானங்களுக்கே இப்பெயர் வழங்கியது. மருந்து என்னும் பொருள் நாளடைவில் தேய்ந்து, சுவைக்காகப் பருகும் இனிப்புப் பானத்திற்கும் அச்சொல் நிலைபெற்றது.

எல்டர்பூ கார்டியல் செய்முறை எளியது. ஆனால் ஒவ்வொரு படியிலும் கவனம் கேட்பது. மழையற்ற, வெயில் படும் காலைப்பொழுதில் முழுதாக விரிந்த கொத்துகளைப் பறிக்க வேண்டும். மணம் பெரிதும் மகரந்தத்தில் இருப்பதால் பூவைக் கழுவக்கூடாது. மெல்ல உதறிப் பூச்சிகளை மட்டும் போக்கவேண்டும். பச்சைக் காம்புகளை இயன்றவரை நீக்க வேண்டும். இருபது முப்பது கொத்துகளுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீரும், ஒரு கிலோவுக்குக் குறையாத சர்க்கரையும், சில எலுமிச்சம்பழங்களும் சேர்ப்பது வழக்கம். சர்க்கரையைக் கொதிநீரில் கரைத்து ஆறவிட்டு, பூவையும் எலுமிச்சைத் துண்டுகளையும் சிட்ரிக் அமிலத்தையும் இட்டு, ஒரு பகலும் ஓர் இரவும் மூடி வைப்பார்கள். பின்னர் மெல்லிய துணியில் வடித்துத் தூய்மையான புட்டிகளில் நிரப்புவார்கள். மிகுந்த சர்க்கரையும் புளிப்பும் நுண்ணுயிர்கள் வளர்வதைத் தடுப்பதால் பானம் கெடாமல் நிற்கிறது. சர்க்கரையைக் குறைத்துப் பூவில் இயல்பாக உள்ள நொதிக்கு இடம் கொடுத்தால் அது நுரைத்துப் பொங்கும் வேறொரு பானமாகிவிடும். ருமேனியாவில் 'சொக்காத்தா' என்று மக்கள் விரும்பிப் பருகுவது அவ்வகைப் பானமே.

திருப்பலியில் நாம் கோதுமைக் கதிரையும் திராட்சைக் குலையையும் அப்படியே பீடத்தில் வைப்பதில்லை. அப்பத்தையும் இரசத்தையும் வைக்கிறோம். மண் தந்ததோடு மனிதரின் உழைப்பும் சேர்ந்த பிறகே அது காணிக்கை ஆகிறது. இந்தப் பானத்திலும் படைப்பின் கொடையும் கைகளின் பொறுமையும் சந்திக்கின்றன. ஆனால் எவருடைய கைகள்? பூவைப் பறித்த கைகளை நாம் அறிவோம். சர்க்கரையைத் தந்த கைகள் எவை?

இனிப்புக்கு விலை கொடுத்தவர்கள்

இக்கார்டியலைப் பாட்டி காலத்துப் பழம்பானம் என்று பலரும் எண்ணுவர். பூவின் பயன்பாடு பழமையானதுதான். ஆனால் கிலோக் கணக்கில் சர்க்கரையைக் கொட்டிப் பாகு காய்ச்சும் வழக்கம் எளிய குடும்பங்களுக்கு மிகப் பழைய நாளில் வாய்த்திருக்க இயலாது. இடைக்கால ஐரோப்பாவில் சர்க்கரை கிராம்பு, ஏலம் போல அரிய சரக்கு. அதை மருந்துக் கடையில் சிறிதளவாக எடை போட்டு விற்றார்கள். இங்கிலாந்தில் 1700ஆம் ஆண்டளவில் ஓர் ஆள் ஓராண்டில் பயன்படுத்திய சர்க்கரை சுமார் 4 பவுண்டு என்றும், 1800இல் அது சுமார் 18 பவுண்டு ஆனது என்றும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 90 பவுண்டை எட்டியது என்றும் கணக்கிடுகிறார்கள்.

இந்தப் பெருக்கத்தின் பின்னணியில் பார்படோசும் ஜமைக்காவும் மார்த்தினிக்கும் இருக்கின்றன. 1640களில் பார்படோசில் ஆங்கிலேயர் பெருமளவில் கரும்புத் தோட்டங்களை நிறுவினர். அட்லாண்டிக் அடிமை வணிகம் நடந்த நூற்றாண்டுகளில் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றப்பட்டோர் ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் மேல் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. அவர்களில் பெரும்பகுதியினரைக் கரும்பு விழுங்கியது. வெட்டிய கரும்பு மணிக்கணக்கில் கெட்டுவிடுமாதலால், அறுவடைக் காலத்தில் இரவும் பகலும் ஆலை ஓடியது. உறக்கமின்றி உருளைகளுக்கிடையே கரும்பைத் திணித்தவர்களின் கைகள் அதில் நசுங்குவது அரிதன்று.

இதில் கிறிஸ்தவர் தம் பங்கை மறைக்கலாகாது. பார்படோசில் ஆங்கிலிக்கன் மறைபரப்பு அமைப்பொன்று 1710 முதல் அடிமைகள் உழைத்த தோட்டங்களுக்கு உரிமையாளராக இருந்தது. மார்த்தினிக்கில் தோமினிக் சபைத் துறவியான ழான் பாப்திஸ்த் லபா தம் சபைக்குரிய தோட்டத்தை அடிமைகளின் உழைப்பால் நடத்தியதோடு, சர்க்கரை காய்ச்சும் முறையைச் செம்மைப்படுத்தி, அதைத் தம் நூலில் விரிவாக எழுதியும் வைத்தார். நம் திருச்சபையின் மகன்தான் அவர். 1839இல் திருத்தந்தை பதினாறாம் கிரகோரி அடிமை வணிகத்தைத் திட்டவட்டமாகக் கண்டித்தார். அக்குரல் எழுந்ததற்கு நாம் நன்றி கூறலாம். அதற்குள் எத்தனை தலைமுறைகள் மடிந்துவிட்டன என்பதையும் மறத்தல் ஆகாது.

எளிய மக்களின் மனச்சான்று அதற்கு முன்பே விழித்தது. 1791இல் வில்லியம் ஃபாக்ஸ் வெளியிட்ட துண்டு நூல், அடிமைகள் விளைவித்த சர்க்கரையை உண்ணாதிருக்குமாறு வேண்டியது. மூன்று இலட்சம் பேர் அச்சர்க்கரையைக் கைவிட்டதாகத் தாமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார். வாக்குரிமை இல்லாத பெண்கள் தங்கள் தேநீர் மேசையில் சர்க்கரைக் கிண்ணத்தை எடுத்து அகற்றியதன் மூலம் அரசியலில் பங்கெடுத்தார்கள். 1807இல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்தது. 1833இல் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தின்படி 2 கோடி பவுண்டு இழப்பீடு அடிமைகளின் உரிமையாளர்களுக்கு வழங்கப்பட்டது. விடுதலை பெற்றோருக்கு ஒரு காசும் இல்லை.

அடிமை முறை ஒழிந்த பின் அதே கரும்பு வயல்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் தேவைப்பட்டனர். நம் மூதாதையர் இக்கதைக்குள் நுழைவது இங்கேதான். மொரீசியசுக்கு 1834 முதலே இந்தியக் கூலிகள் கொண்டு செல்லப்பட்டனர். சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல், 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கூலிகளைக் கொண்டு சேர்த்தது. 1874இல் பிரிட்டன் சர்க்கரை மீதான சுங்கவரியை முற்றிலும் நீக்கியதும், குடிசை வீட்டிலும் பழப்பாகும் பூப்பாகும் காய்ச்ச வழி பிறந்தது. பீட்ரூட் வகையிலிருந்து எடுத்த ஐரோப்பியச் சர்க்கரையும் அந்த மலிவுக்குத் துணை நின்றது. வேலியோரப் பூவை இனிப்பில் காத்து வைக்க முடிந்த ஆங்கிலத் தாய், தன் கையிலிருந்த சர்க்கரையின் ஒரு பிடிக்குக் கடலுக்கப்பால் வியர்வை சிந்தியவர்களின் பெயரை அறிந்திருக்க வழியில்லை. சவுத்வெல் சிற்பிகளைப் போலவே அவர்களும் பெயரின்றிப் போனார்கள். ஆனால் சிற்பிகளின் கைகள் விரும்பி உழைத்தவை. இவர்களின் கைகளோ வாங்கப்பட்டவை, அல்லது ஒப்பந்தத்தால் கட்டப்பட்டவை.

வேலி யாருக்குச் சொந்தம்?

இனி வேலிக்குத் திரும்புவோம். எல்டர் வளரும் உயிர்வேலிக்கும் ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தில் 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட சட்டங்களின் வழியாக ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர் நிலம் வேலியடைக்கப்பட்டது. ஊரார் ஆடு மேய்த்த, விறகு பொறுக்கிய பொதுநிலங்கள் தனியுடைமை ஆயின. அழகாகப் பூத்து நிற்கும் வேலிகளில் பல, ஏழைகளை வெளியே நிறுத்தவே நடப்பட்டவை.

அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிர்களை ஏழைகளுக்கும் அந்நியருக்கும் விட்டுவைக்க வேண்டும் என்று லேவியர் நூலும் இணைச்சட்டமும் கட்டளையிடுகின்றன. போவாசின் வயலில் ரூத்து கதிர் பொறுக்கியது அந்த உரிமையால்தான். ஆனால் 1788இல் ஸ்டீல் என்பவருக்கும் ஹவுட்டன் என்பவருக்கும் இடையே நடந்த வழக்கில், கதிர் பொறுக்குவதற்குப் பொதுச்சட்டப்படி யாருக்கும் உரிமையில்லை என்று ஆங்கில நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த பின்னும் ஏழைப் பெண்கள் வயலுக்குப் போவதை நிறுத்தவில்லை. வழக்கம் சட்டத்தைவிட நீண்ட நாள் உயிரோடிருந்தது.

தானாக வளரும் செடிகளைப் பொறுத்தவரை சட்டம் சற்று இரங்கியது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1968ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டம், காட்டுச் செடியிலிருந்து பூவையும் பழத்தையும் இலையையும் பறிப்பது, விற்பனைக்காகவோ ஆதாயத்துக்காகவோ இல்லாதவரையில் திருட்டாகாது என்கிறது. செடியைக் கொள்ளலாம் என்று அது சொல்லவில்லை. வேரோடு பிடுங்குவதை 1981ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. 1972இல் காட்டு உணவுகளைப் பற்றி ரிச்சர்ட் மேபி எழுதிய நூல் மறந்துபோன வேலியோர அறிவை நகரத்தாருக்கு மீட்டுத் தந்தது.

பூ மீண்டும் மதிப்புப் பெற்றதும் வணிகமும் வந்தது. 1984இல் பெல்வாயர் கோட்டையை அடுத்த பண்ணையில் மேனர்ஸ் குடும்பத்தார் வீட்டு அடுக்களையில் காய்ச்சிய எல்டர்பூ கார்டியலை விற்கத் தொடங்கினர். அது பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 1993இல் இன்னொரு விந்தை நிகழ்ந்தது. சரே மாவட்டத்தில் செய்த, மது கலவாத எல்டர்பூப் பானம் ஒன்றை 'எல்டர்பூ ஷாம்பெய்ன்' என்ற பெயரில் விற்றதை எதிர்த்துப் பிரான்சின் புகழ்பெற்ற ஷாம்பெய்ன் நிறுவனமான தைத்தாஞ்சே வழக்குத் தொடுத்தது. அப்பெயரைப் பயன்படுத்தலாகாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்பெயருக்கு உழைத்துப் புகழ் தேடிய திராட்சை விவசாயிகளின் உரிமையை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும், யூதாசின் பெயரைச் சுமந்த மரம், பிறகு செல்வரின் மதுவினுடைய பெயரையும் இரவல் வாங்க நேர்ந்ததை எண்ணும்போது இரக்கம் பிறக்கிறது. தன் பெயரிலேயே மதிக்கப்படும் நாளும் அதற்கு வந்தது. 2018இல் பிரிட்டிஷ் இளவரசர் ஹாரியின் திருமணத்துக்குச் செய்த கேக்கு எலுமிச்சையும் எல்டர்பூவும் மணக்கும் கேக்கு என்றே உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

புகழ் வந்தாலும் வேலி காக்கப்பட வேண்டியிருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெரிய எந்திரங்கள் புகுவதற்காகப் பல்லாயிரம் கிலோமீட்டர் நீளத்துக்கு உயிர்வேலிகள் அழிக்கப்பட்டன. முக்கியமான வேலிகளை உரிய அறிவிப்பின்றி நீக்குவதைத் தடுக்கும் விதிகள் 1997இல்தான் வந்தன. ஏழைகளை விலக்க நட்ட வேலி, காலப்போக்கில் பறவைகளின் அடைக்கலமாகி, இறுதியில் தானே அடைக்கலம் தேடும் நிலைக்கு வந்துவிட்டது.

பறிப்போருக்கு ஒரு மரபு உண்டு

எல்டர்பூப் பறிப்போரிடையே ஒரு நல்வழக்கம் உண்டு. ஒரே மரத்தை மொட்டையடிக்காமல், மரத்துக்குச் சில கொத்துகளாகப் பறித்துக்கொண்டு நகர்வார்கள். பூவாக எடுத்த கொத்து பழமாகாது. ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் கருநீலமாய்ப் பழுக்கும் அக்கனிகளைத் தின்று பசியாறும் பாடும் பறவைகள் பலவுண்டு. தெற்கே நெடுந்தொலைவு பறந்து செல்வதற்கு முன் அவற்றுள் சில இக்கனிகளால் உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்கலாகாது என்ற பழைய கட்டளையின் பொருளை, அதைப் படித்திராத ஒருவரும் ஒரு மரத்தடியில் இவ்வாறு நிறைவேற்றிவிடுகிறார்.

இந்த அளவறிதல் பூவோடு நின்றுவிடலாகாது. சர்க்கரைக் கிண்ணத்தையும் எட்ட வேண்டும். நாம் உண்ணும் இனிப்பு எந்த வயலில் விளைந்தது, அதை வெட்டியவருக்கு உரிய கூலி கிடைத்ததா என்று கேட்பது 1791ஆம் ஆண்டின் அப்பெண்களுக்கு மட்டும் உரிய கடமையன்று. கரும்பு வெட்டும் குடும்பங்கள் ஊர் ஊராகப் பெயர்ந்து திரியும் நாடு நம் நாடு. ஆகவே அக்கேள்வி நமக்கும் உரியது. யாரும் நடாத பூவை நமக்குத் தந்தவர் விலை கேட்கவில்லை. இனிப்பைத் தந்தவர்களுக்கு விலை கொடுக்க நாம் கடமைப்பட்டிருக்கிறோம். அவர்களின் பெயர்களை நாம் அறியாதிருக்கலாம். அவர்கள் இருக்கிறார்கள் என்பதை அறிந்து பருகினாலே, இதயத்தின் பெயரைத் தாங்கிய அந்தப் பானத்திற்கு நாம் உரிய மரியாதை செய்தவர்கள் ஆவோம்.